கம்ப்யூட்டரைக் கனவு கண்ட மேதையின் கண்ணீர்க் கதை

தாம்பரம் சானடோரியம் ரெயில் நிலையம்.

காலை நேரத்தில் அங்கே நின்று பாருங்கள். மின்சார ரெயில் வந்து நிற்கும். ஆண்களும் பெண்களும் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். பக்கத்தில் இருக்கும் ஏற்றுமதி மண்டலத்தை நோக்கி வேகமாக நடப்பார்கள். அந்த மண்டலம் 1984-ம் ஆண்டு ஏற்பட்டது. அங்கே தொழிற்சாலைகளும் உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனிகளும் உண்டு.

கிழக்கே போனால் தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர். அங்கெல்லாம் வானை முட்டும் கட்டிடங்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அவற்றை நம்பி எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது.

இந்தக் கம்ப்யூட்டருக்கு வித்திட்டவர் யார் தெரியுமா?

அவர் பெயர் ஆலன் டூரிங். இங்கிலாந்து நாட்டுக் கணித மேதை. ஆனால் அவருடைய தாய் பிறந்தது நம் கோவைக்குப் பக்கத்தில் உள்ள போத்தனூரில்! அவருடைய தந்தை உத்தியோகம் பார்த்தது அந்தக் காலத்து சென்னை ராஜதானியில்!

உலகம் கொண்டாட வேண்டிய அந்த மேதை, 41 வயதில் மறைந்தார். அதற்கு முன் அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அவர் செய்த குற்றம் என்ன? திருடவில்லை. கொலை செய்யவில்லை. அவருடைய இயல்பு, ஊரில் மற்றவர்கள் இயல்பைப் போல இல்லை. அவ்வளவுதான்.

கப்பலில் சந்திப்பு

ஆலனின் தாய் எத்தல் சாரா. அவருடைய தந்தை ஸ்டோனி, மெட்ராஸ் ரெயில்வேயில் தலைமை என்ஜினீயர். போத்தனூரில் 1881-ம் ஆண்டு எத்தல் பிறந்தார்.

ஆலனின் தந்தை ஜூலியஸ் டூரிங். ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறி, 1896-ல் சென்னை ராஜதானிக்கு வேலைக்கு வந்தவர்.

1907-ம் ஆண்டு இருவரும் விடுமுறையில் ஊருக்குப் போனார்கள். கப்பலில் சந்தித்தார்கள். அதே ஆண்டு டப்ளின் நகரில் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு குன்னூரில் மூத்த மகன் ஜான் பிறந்தான்.

இரண்டாவது பிள்ளை தாய் வயிற்றில் உருவானபோது, ஜூலியசுக்கு கஞ்சம் ஜில்லா சத்ரபூரில் வேலை. இன்று ஒடிசாவில் உள்ள அந்த ஊர், அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. பிரசவத்துக்காகத் தாய் இங்கிலாந்து போனார். 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி லண்டனில் ஆலன் பிறந்தான்.

தாயைப் பிரிந்த பிள்ளை

ஆலனுக்கு ஒரு வயது முடிந்தது. தாய் மீண்டும் கணவரிடம் கிளம்பினார். பிள்ளைகளை அழைத்து வரவில்லை. இந்த நாட்டு வெயிலும் நோயும் பிள்ளைகளுக்கு ஆகாது என்று வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் பயந்த காலம் அது.

ஓய்வு பெற்ற ஒரு ராணுவ கர்னல் வீட்டில் அண்ணனும் தம்பியும் விடப்பட்டார்கள். பெற்றோர் சென்னை ராஜதானியில். பிள்ளைகள் கடலுக்கு அப்பால். ஜூலியஸ் வேலையை விட்டு விலகும் வரை, குடும்பம் இப்படித்தான் பிரிந்தும் கூடியும் காலம் தள்ளியது.

ஆலன் தனிமையிலேயே வளர்ந்தான். கூச்ச சுபாவம். உடையில் மை. கையெழுத்து கிறுக்கல். ஆனால் கணக்கு என்று வந்து விட்டால் அவனை யாரும் அசைக்க முடியாது.

உயிர்த் தோழன்

ஷெர்போர்ன் என்ற ஊரில் உள்ள பள்ளியில் ஆலன் படித்தான். அங்கே அவனுக்கு ஒரு தோழன் கிடைத்தான். பெயர் கிறிஸ்டோபர். இருவரும் வானத்து நட்சத்திரங்களைப் பார்ப்பார்கள். கணக்குப் போட்டி போடுவார்கள். ஆலன் மனதில் அந்தத் தோழன் மேல் சொல்ல முடியாத அன்பு பெருகியது. தான் மற்றப் பையன்களைப் போல இல்லை என்பது அவனுக்கு அப்போது மெல்லப் புரிந்தது.

1930-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந்தேதி அந்தத் தோழன் இறந்து போனான். சிறு வயதில் குடித்த பசும்பால் மூலம் காச நோய்க் கிருமி அவன் உடலில் புகுந்திருந்தது.

காச நோய் என்றால் நம் பக்கத்து மக்களுக்குத் தாம்பரம் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். டாக்டர் சவுரிமுத்து அந்த சானடோரியத்தை 1928-ல் தொடங்கினார். ரெயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்து விட்டது. காச நோயைக் குணப்படுத்தும் மருந்து உலகில் எங்கும் இல்லாத காலம் அது. காற்றும் வெளிச்சமும் நல்ல சாப்பாடும்தான் சிகிச்சை.

தோழன் செய்ய நினைத்ததையெல்லாம் தான் செய்து முடிக்க வேண்டும் என்று ஆலன் உறுதி கொண்டான். துக்கத்தைப் படிப்பாக மாற்றினான்.

காகிதத்தில் பிறந்த எந்திரம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவர் கணிதம் படித்தார். 22 வயதிலேயே அங்கே ஆராய்ச்சியாளர் பதவி கிடைத்தது.

1936-ம் ஆண்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஓர் எந்திரத்தைக் கற்பனை செய்தார். நீளமான நாடா ஒன்று. அதில் கட்டம் கட்டமாகக் குறிகள். எந்திரம் ஒவ்வொரு குறியாகப் படிக்கும், அழிக்கும், எழுதும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இதில் என்ன அதிசயம்?

ஒரு சமையற்காரரை நினைத்துக் கொள்ளுங்கள். சாம்பார் செய்யும் குறிப்பைக் கொடுத்தால் சாம்பார் வைப்பார். பாயசம் செய்யும் குறிப்பைக் கொடுத்தால் பாயசம் வைப்பார். ஆள் ஒருவர்தான். குறிப்புதான் மாறுகிறது. அது போல, குறிப்பை மாற்றிக் கொடுத்தால் எந்தக் கணக்கையும் ஒரே எந்திரம் செய்யும் என்று டூரிங் காட்டினார். அதற்கு முன் கூட்டலுக்கு ஓர் எந்திரம், நெசவுக்கு ஓர் எந்திரம் என்று தனித்தனியாக இருந்தன. எல்லாம் செய்யும் ஒரே எந்திரம் என்ற எண்ணத்தில்தான் இன்றையக் கம்ப்யூட்டர் நிற்கிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனும் அப்படித்தான்.

யுத்த காலத்து ரகசியம்

1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. ஜெர்மானியர்கள் தங்கள் உத்தரவுகளை எனிக்மா என்ற எந்திரத்தின் மூலம் புரியாத எழுத்துகளாக மாற்றி ரேடியோவில் அனுப்பினார்கள். எந்திரத்தின் அமைப்பைத் தினமும் மாற்றினார்கள்.

பிளட்சிலி பார்க் என்ற இடத்தில் இங்கிலாந்து ரகசிய நிலையம் ஒன்றை அமைத்தது. இங்கிலாந்து யுத்தத்தில் இறங்கிய மறு நாளே டூரிங் அங்கே போய்ச் சேர்ந்தார். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்பே வழி காட்டியிருந்தார்கள். டூரிங் அதை வளர்த்தார். எனிக்மாவின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் பெரிய எந்திரத்துக்குத் திட்டம் தீட்டினார். கடலில் உணவுக் கப்பல்களை மூழ்கடித்த நீர்மூழ்கிக் கப்பல்களின் செய்திகளை அவருடைய குழு படித்தது. எத்தனையோ மாலுமிகள் உயிர் தப்பினார்கள்.

அந்த நிலையத்தில் டூரிங் எப்படி இருந்தார் தெரியுமா?

பூக்கள் பூக்கும் காலத்தில் அவருக்குத் தும்மல் வரும். அதற்காக விஷ வாயு முகமூடியை மாட்டிக் கொண்டு சைக்கிளில் போவார். தம்முடைய தேநீர்க் கோப்பையை யாரும் எடுத்து விடாமல் சங்கிலி போட்டுக் கட்டி வைப்பார். பேச்சு திக்கும். நண்பர்கள் சிரித்தார்கள், ஆனால் விரட்டவில்லை. வேலையைப் பார்த்தார்கள். ஆளை ஆளாக ஏற்றுக் கொண்டார்கள்.

1941-ல் நிலையத்தில் ஆள் போதவில்லை. டூரிங்கும் 3 நண்பர்களும் பிரதமர் சர்ச்சிலுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார்கள். கேட்டதை உடனே கொடுக்கும்படி சர்ச்சில் உத்தரவு போட்டார். திறமையை மதிக்கும் வேலையிடம் என்ன சாதிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

அங்கே வேலை பார்த்த ஜோன் கிளார்க் என்ற பெண்ணும் பெரிய கணித அறிஞர். இருவருக்கும் நிச்சயதார்த்தம் ஆனது. ஆனால் டூரிங் மனம் உறுத்தியது. தம் நாட்டம் ஆண்கள் மேல் என்ற உண்மையை அந்தப் பெண்ணிடம் சொல்லி விட்டார். ஜோன் கோபிக்கவில்லை. ஆனாலும் டூரிங் கல்யாணத்தை நிறுத்தினார். இருவரும் கடைசி வரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் அரசாங்கம் அவருக்குப் பட்டம் கொடுத்தது. எதற்காக என்று வெளியே சொல்லவில்லை. அவர் செய்த வேலை பல ஆண்டுகள் ரகசியமாகவே இருந்தது.

போலீஸ் வந்தது

1948-ல் அவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கம்ப்யூட்டருக்குக் குறிப்பு எழுதினார். எந்திரம் யோசிக்குமா என்ற கேள்வியை ஆராய்ந்து 1950-ல் கட்டுரை எழுதினார். இன்று எல்லோரும் பேசும் செயற்கை அறிவுக்கு அதுவும் ஓர் அஸ்திவாரம். ஓட்டப் பந்தயத்திலும் சூரர். 1947-ல் மாரத்தான் தூரத்தை 2 மணி 46 நிமிடத்தில் ஓடினார்!

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. போலீசில் புகார் செய்தார். விசாரணையில், அவருக்கும் ஓர் இளைஞருக்கும் இருந்த உறவு தெரிந்தது. டூரிங் மறைக்கவில்லை. அதில் தவறு இருப்பதாகவே அவர் நினைக்கவில்லை.

ஆனால் இங்கிலாந்தில் 1885-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஆணும் ஆணும் உறவு கொண்டால் சிறை. திருட்டுக் கொடுத்தவர் குற்றவாளி ஆனார்!

சிறையா, மருந்தா?

மார்ச் 31-ந்தேதி கோர்ட்டில் வழக்கு நடந்தது. பேராசிரியர் நியூமனும், யுத்த கால நண்பர் அலெக்சாண்டரும் சாட்சிக் கூண்டில் ஏறி டூரிங்கின் நல்ல குணத்துக்குச் சான்று சொன்னார்கள். அந்தக் காலத்தில் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சிறைக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் மருந்து எடுத்துக் கொள்ள வேண்டும் என்றது கோர்ட்டு. ஓர் ஆண்டு முழுவதும் பெண் தன்மைக்கான ஹார்மோன் மருந்து! டூரிங் மருந்தை ஏற்றார். மாரத்தான் ஓடிய அந்த உடல் மாறியது. மார்பு பருத்தது.

நோய் இல்லாதவருக்கு மருந்து. அதற்குப் பெயர் சிகிச்சை!

இரண்டு கதவுகள்

இதற்குப் பிறகு டூரிங்கின் வேலை என்ன ஆயிற்று? ஒரு கதவு மூடியது. ஒரு கதவு திறந்தே இருந்தது.

அரசாங்கத்தின் ரகசியத் துறைக்கு அவர் தொடர்ந்து ஆலோசனை சொல்லி வந்தார். அந்த வேலை போயிற்று. நாட்டைக் காத்த மனிதரை நாடு நம்பவில்லை. அயல்நாட்டு நண்பர் ஒருவர் அவரைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், போலீசார் கண்காணித்தார்கள்.

ஆனால் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் அவரைக் கைவிடவில்லை. 1953-ல் அவருக்கென்று ஒரு பதவியையே ஏற்படுத்திக் கொடுத்தது. அங்கே இருந்தபடி அவர் புதிய ஆராய்ச்சி செய்தார். விலங்குகளின் உடலில் புள்ளியும் வரியும் எப்படி உண்டாகின்றன என்று கணக்கால் விளக்கினார்.

மனத்துக்கும் ஒரு துணை கிடைத்தது. கிரீன்பாம் என்ற மனநல நிபுணரிடம் அவர் போனார். அந்த நிபுணர் அவரை மாற்றப் பார்க்கவில்லை. பேச விட்டார், கேட்டார். தம் வீட்டுக்கும் அழைத்தார். அந்த வீட்டுக் குழந்தைகளோடு டூரிங் விளையாடினார்.

கோர்ட்டு கொடுத்த மருந்து உடலைக் கெடுத்தது. காது கொடுத்துக் கேட்ட நிபுணரும், வேலையில் வைத்துக் கொண்ட பல்கலைக்கழகமும் அவருக்கு ஆறுதல் ஆயினர். எது உண்மையான சிகிச்சை? நீங்களே சொல்லுங்கள்.

முடிவு

1954-ம் ஆண்டு ஜூன் 8-ந்தேதி. வீட்டு வேலை செய்யும் அம்மாள் வந்து பார்த்தார். டூரிங் படுக்கையில் உயிரற்றுக் கிடந்தார். முந்தின நாளே உயிர் பிரிந்திருந்தது.

தற்கொலை என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். தாய் அதை ஏற்கவில்லை. வீட்டில் ரசாயனப் பரிசோதனை செய்யும் வழக்கம் மகனுக்கு உண்டு. அதில் நேர்ந்த விபத்து என்று நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாய், மகன் கதையைப் புத்தகமாக எழுதி 1959-ல் வெளியிட்டார்.

அவர் மனதில் கடைசியாக என்ன இருந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு இழைத்தது அநியாயம் என்று அவருடைய நாடே பின்னர் ஒப்புக் கொண்டது.

2009-ல் பிரதமர் கார்டன் பிரவுன் அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013-ல் அரசி எலிசபெத் மன்னிப்பு வழங்கினார். 2021-ல் 50 பவுன் நோட்டில் டூரிங் படம் அச்சாகி வந்தது. எல்லாம் வந்தன. பார்க்க அவர்தான் இல்லை!

கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய பரிசுக்கும் அவர் பெயர்தான். அந்த டூரிங் பரிசை 1994-ல் பெற்றவர்களில் ஒருவர் ராஜ் ரெட்டி. அவர் நம் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்து 1958-ல் பட்டம் வாங்கியவர்!

நம் ஊரில்

டூரிங்கைத் தண்டித்தது போன்ற சட்டத்தை வெள்ளைக்காரர்கள் நமக்கும் தந்தார்கள். 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு அது. வயது வந்த இருவர் மனம் ஒத்து வாழ்வது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ந்தேதிதான் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

டூரிங் ஆண். ஆண்களை விரும்பியவர். வேறு சிலர் இருக்கிறார்கள். ஆணாகப் பிறந்தும் மனதால் பெண்ணாக வாழ்பவர்கள் திருநங்கையர். பெண்ணாகப் பிறந்தும் ஆணாக வாழ்பவர்கள் திருநம்பியர். ஆண் என்றும் பெண் என்றும் எந்தக் கட்டத்திலும் அடங்காதவர்களும் உண்டு. இவர்கள் வேறு வேறு மனிதர்கள். ஆனால் படும் துயரம் ஒன்றே. உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நிம்மதி போகும்.

தமிழ்நாடு இதில் முன்னே நடந்தது. திருநங்கையருக்காக 2008-ல் நல வாரியம் அமைத்தது. தம்மை ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று அவரவரே சொல்லிக் கொள்ளும் உரிமையை 2014 ஏப்ரல் 15-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது. திருநர் என்பதற்காக வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது, புகாரைக் கேட்க ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் அதிகாரி வேண்டும் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

2021-ல் சென்னை ஐகோர்ட்டில் ஒரு வழக்கு. சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு இளம் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மனநல நிபுணரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்து கொண்டார். பிறகு உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களை மருந்தாலோ வேறு வகையாலோ மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார்.

அந்த உத்தரவின் தேதி ஜூன் 7. டூரிங் உயிர் பிரிந்த அதே தேதி! 67 ஆண்டுகள் கழித்து, அவருடைய தாய் பிறந்த மாநிலத்தில் அவருக்கு நேர்ந்த கொடுமைக்குத் தடை விழுந்தது.

நாம் செய்ய வேண்டியது

தாம்பரத்தில் இறங்கிப் போகும் கூட்டத்தில் டூரிங்கைப் போன்ற ஒருவர் இருக்கலாம். உங்கள் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

அவருக்குப் பெரிய உதவி ஒன்றும் வேண்டாம். அவர் விரும்பும் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கேலி செய்யக் கூடாது. அச்சம் இல்லாமல் போய் வரக் கழிப்பறை வேண்டும். நம்பிச் சொன்ன ரகசியத்தை ஊருக்குச் சொல்லக் கூடாது. மனம் சோர்ந்தால் பேச ஆள் வேண்டும். சம்பளமும் பதவி உயர்வும் வேலையைப் பார்த்து வர வேண்டும்.

இந்த இயல்பு மனநோய் அல்ல. ஆண் ஆணை விரும்புவதை உலக சுகாதார ஸ்தாபனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்து விட்டது. பிறந்த பாலுக்கு மாறாக வாழ விரும்புவதையும் 2019-ல் மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. மனதை நோகச் செய்வது இயல்பு அல்ல. ஒளித்து வாழும் பயமும், ஊராரின் ஏச்சும்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை உண்மையைச் சொன்னால் கை ஓங்காதீர்கள். மந்திரவாதியிடம் இழுத்துப் போகாதீர்கள். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகி விடும் என்று இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வையும் கெடுக்காதீர்கள். டூரிங்குக்கு இருந்த அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

மனம் தாங்காத வேதனை யாருக்கு வந்தாலும் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசாங்கம் 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

யுத்த காலத்தில் பிளட்சிலி பார்க் ஒரு மனிதரின் வேலையைப் பார்த்தது. ஒரு நாடு பிழைத்தது. சமாதான காலத்தில் அந்த நாடு அவருடைய இயல்பைப் பார்த்தது. ஒரு மேதையைப் பாடாய்ப் படுத்தியது.

நாளை காலை கம்ப்யூட்டரைத் திறக்கும் போது, போத்தனூர்த் தாய் பெற்ற அந்த மகனை ஒரு நிமிடம் நினைத்துக் கொள்ளுங்கள். பிறகு, பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் பார்த்துப் புன்னகை செய்யுங்கள்.